பின்வாங்கும் நாய்க்குட்டி

நாலாம் வகுப்பு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனா பிடித்த கை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பிழை திருத்திவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பாள் என்று கணவர் கிண்டல் செய்வார். அது உண்மையும்கூட.

பிள்ளைகளுக்குக் கணினிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கப் பள்ளியில் ஆள் தேடியபோது மற்றவர்கள் நைசாக நழுவிவிட, இவள்தான் மாட்டிக்கொண்டாள். பத்து நாள் பயிற்சி. முதல் இரண்டு நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது, பிறகு பிடிபட்டுவிட்டது. ஷூ டப்பாதான் உடம்பு, பாட்டில் மூடிகள்தான் சக்கரம். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மின்பலகை. எதிரே ஏதாவது வந்தால் கண்டுகொள்ள முன்பக்கம் ஒரு சென்சார். கணினித் திரையில் வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், அதுதான் பொம்மைக்குப் புத்தி. பொம்மை என்ன செய்யவேண்டும் என்பதைப் பிள்ளைகளேதான் முடிவு செய்யவேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி முழங்கியவளும் இவள்தான்.

வகுப்பில் ஒரு சிறுமி எதையும் ஆற அமரச் செய்வாள். அதனால் அவளுக்கு ‘நத்தை’ என்றே பெயர் ஆகிவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து அவள் ஒரு நாய்க்குட்டி செய்திருந்தாள். பள்ளிக் கண்காட்சிக்கு முந்தின நாள், பிள்ளைகள் போனபிறகு, டீச்சர் ஒவ்வொரு பொம்மையாக ஓட்டிப் பார்த்தாள். நாய்க்குட்டியின் முன்னால் கையை நீட்டினாள். அது விருட்டென்று பின்னால் போயிற்று.

“அடக் கடவுளே, தலைகீழா போட்டு வெச்சிருக்கே!”

கையை எடுத்தாள். கணினித் திரையில் ‘பின்னால்’ என்ற கட்டத்தைத் தூக்கிவிட்டு ‘முன்னால்’ என்பதைப் போட்டாள். ஒரு நிமிஷ வேலை. பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கல்வி அதிகாரி வந்தார். நத்தைக்கு வாய் திறப்பதே அபூர்வம். அன்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

“இதுக்குப் புது ஆளுங்கன்னா பயம் சார். கை நீட்டினா பின்னாடி போயிடும். ஆனா நீங்க கையை ஆட்டாம பத்து எண்ணிட்டு இருந்தா, அதுவே மெதுவா கிட்ட வரும்.”

டீச்சருக்குப் பகீரென்றது. அதற்குள் அதிகாரி கையை நீட்டிவிட்டார். நாய்க்குட்டி பாய்ந்து வந்து அவர் விரலில் மோதி, மேஜையிலிருந்து குப்புற விழுந்தது. ஒரு காது பிய்ந்துவிட்டது.

“பயந்த நாயா இது? ஆளைக் கடிக்கல்ல வருது!” என்றார் அதிகாரி. கூடமே சிரித்தது.

நத்தை டீச்சரைப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

“சின்னப் பிள்ளைதானே சார், எங்கயோ தப்பா போட்டிருப்பா” என்றாள் டீச்சர்.

சொன்ன நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நத்தை குனிந்து காதைப் பொறுக்கிக்கொண்டாள். அன்று டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னவென்று கேட்ட கணவரிடம் தலைவலி என்றாள். அவரிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

காலையில் மணி அடிப்பதற்கு முன்பே போனாள். நத்தை அவளுக்கும் முன்னால் வந்து கணினி எதிரே உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கட்டம்கூட இல்லை.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன் டீச்சர். எங்க தப்புன்னு எனக்குத் தெரியல. என்ன போடணும்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே போட்டுடறேன்.”

டீச்சர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எதுவும் தப்பா போடலம்மா. நான்தான் உன்னைக் கேக்காம மாத்திட்டேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் பழியை உன் தலையில போட்டுட்டேன்.”

கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சிறுமியின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சா டீச்சர்?”

டீச்சர் ஆமென்று தலையசைத்தாள். மணி அடித்ததும் வகுப்பு முழுவதற்கும் அதையே மறுபடி சொன்னாள். நத்தை அதைக் கேட்கவேயில்லை. அழித்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது.

“டீச்சர், பத்து எண்ணின பிறகு என்ன கட்டம் போட்டிருந்தேன்? நீங்க பாத்தீங்கல்ல?”

மாற்றிய அந்த ஒரு கட்டத்தைத் தவிர டீச்சர் வேறு எதையும் படிக்கவில்லை.