பனியனை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கச் சொன்னவர்

ஆர்ட்டிஸ்ட் தண்டபாணி போய்விட்டார். இன்று விடியற்காலை, திருப்பூர் மண்ணரை வீட்டில்... தூக்கத்திலேயே.

எழுபதுகளில் நானும் என் அண்ணன் ரத்தினமும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் வரைந்தவர். அண்ணன் கட்டிங் மாஸ்டர், நான் மடிப்பு செக்ஷன்.

லேபிள் சோற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் ஊர்க்கதையைப் படமாக வரைவார். கூலி கேட்டுக் கம்பெனி வாசலில் நிற்கும் பெண்கள், டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர்...

அந்த டீக்கடைக்காரர் படத்தில் தன்னைக் கண்டுபிடித்துச் சண்டைக்கே வந்துவிட்டார். தனி டம்ளருக்காக அல்ல. "ஏனுங்க ஆர்ட்டிஸ்டு, எம்பட மீசை இத்தனூண்டுதானுங்களா?"

மீசையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கூடவே அந்த டம்ளரையும். மனுஷனுக்குக் கொழுப்பு அப்படி!

ஆர்ட்டிஸ்டும் என் அண்ணனும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். கட்டிலும் ஒன்றுதான். எதிர்வீட்டு அக்கா, "பாவம், ரெண்டு பேருக்கும் பொண்ணு அமையல" என்று ஜாதகமாகக் கொண்டுவந்து குவிப்பார். ஆர்ட்டிஸ்ட் வாங்கி, பின்பக்கத்தில் அந்த அக்காவையே வரைந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை காலி குடோனில் கண்காட்சி வைத்தார். நடுவில் ஒரு பெரிய படம். கட்டிலில் பனியனோடு இரண்டு ஆண்கள்... ஒருவர் மார்பில் மற்றவர் சாய்ந்து சிரிக்கிறார். தாங்கியிருப்பவர் ஆர்ட்டிஸ்டேதான். சாய்ந்திருப்பது சாட்சாத் என் அண்ணன்!

அண்ணனே அதை அன்றுதான் பார்க்கிறார். "ஊரே சேந்து நம்மளத் தொலைச்சுக்கட்டப் போகுது" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதலாளி வந்தார். படத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க... இது எந்தக் கம்பெனி பனியன்?"

அவ்வளவுதான். "கழுத்துப் பட்டி லூசுங்க." "இல்லீங்க, துணியே மட்டம். ஒரு தண்ணிக்குத் தாங்காது." கூட்டமே கூடிப் பஞ்சாயத்து. சாமியே பனியன் போட்டு வந்தாலும் திருப்பூர்க்காரன் தையலைத்தான் பார்ப்பான்.

ஆர்ட்டிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. "பனியனை உட்டுப்போட்டு மூஞ்சியப் பாருங்க!"

முதலாளி பார்த்தார். "அட, நம்ம ரத்தினம்! படத்துக்கு நிக்கறவன் நம்ம கம்பெனி பனியனைப் போட்டு நின்னா ஆகாதா?"

அண்ணனுக்குப் போன உயிர் வந்தது. ஆர்ட்டிஸ்டுக்கோ இருந்த உயிரும் போனது. "நாலு அடி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பனே கண்ணு. ஒருத்தருக்குமே தெரியலியே" என்று குடோன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றேன். "எங்கூட்டுல எங்கண்ணன் ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்லீங்க."

அந்த வாயாடி மனுஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று வாசலில் ஒரே பேச்சு. துணையை இழந்தவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி எடுத்துப் போடுவது எங்கள் வழக்கம். "கல்யாணமே ஆகாத மனுசனுக்குக் கோடி ஏதுங்க? தூக்கிறலாம்" என்றார்கள். அண்ணன் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் கடைக்குப் போய்ப் புது வேட்டி வாங்கிவந்து என் அண்ணன் தோளில் போட்டேன். பிறந்த வீட்டுக்கு என்று நான்தானே இருக்கிறேன்.

அதுவரை அழாத அண்ணன் அப்போதுதான் அழுதார்.

போயிட்டு வாங்க ஆர்ட்டிஸ்டுங்களே... அண்ணனுக்கு நான் இருக்கறனுங்க.