சிந்துவின் ஒரே விண்ணப்பம்

"மே ஐ கம் இன் மிஸ்?" என்று கேட்டுவிட்டு சிந்து நூலக வாசலிலேயே நிற்பாள். "வா" என்று சொன்னாலும் உடனே வந்துவிட மாட்டாள். இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்வாள். நான் டீ குடிக்கப் போயிருந்தால் ஆளில்லாத நாற்காலியிடமும் அனுமதி கேட்பாள். பதில் வராததால் அப்படியே நின்றுகொண்டிருப்பாள். ஒரு நாள் அரைமணி நேரம் நின்றிருக்கிறாள்.

மயிலாப்பூரில் உள்ள எங்கள் பெண்கள் பள்ளியில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு. நான் அங்கே நூலகர். மாணவிகள் தொடக்கூடிய, நெட் வசதியுள்ள ஒரே கம்ப்யூட்டர் என் அறையில்தான் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் அதன் முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பாள். எழுதுவது கொஞ்சம், பார்ப்பதுதான் அதிகம். கை தவறி ‘சப்மிட்’டை அழுத்திவிடுவோமோ என்று பயந்து, மவுஸ் அம்பைத் திரையின் எதிர் மூலைக்கு ஓட்டிவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பாள்.

"கடைசி தேதி ஜனவரி ஒண்ணு மிஸ். ஆனா அது அவங்க ஊரு ஒண்ணாம் தேதி. நமக்கு ரெண்டாம் தேதி காலைல பத்தரை வரைக்கும் இருக்கு. நான் டிசம்பர் முப்பதுன்னே வெச்சுக்கறேன்."

இதைத் தினமும் ஒரு முறை எனக்குச் சொல்லிவிடுவாள். நான் மறந்துவிட்டால் விண்ணப்பம் எனக்குத்தான் திரும்பி வரும் என்று நினைத்தாளோ என்னவோ. பியூன் குலாம் ரசூல் அந்தப் பக்கம் போகும்போது சும்மா இருக்க மாட்டார். "இன்னாம்மா, அமெரிக்கா போறேன்னுட்டு டெய்லி இங்கியே குந்திக்கினு கீறே?" என்பார். அது சிரிக்கவேண்டிய இடம் என்று தெரியாமல் சிந்து, "சாரிண்ணா" என்று எழுந்து நிற்பாள்.

அவள் அப்பா சுயம்புலிங்கத்துக்கு தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குடும்பம். மகள் வெளிநாட்டுப் படிப்பு என்றதும் அவர் வைத்த நிபந்தனையை சிந்து எனக்கு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "முழுச் செலவும் அவனுவளே ஏத்துக்கிட்டா போ. ஒரு காலேஜுக்குத்தான் போடணும், ஒரு தடவதான். கெடைக்கலன்னா இங்கனயே பி.காம். சேந்துட்டு கடையில வந்து உக்காரு. மறுபேச்சு பேசப்பிடாது, கேட்டியாளா?" சொல்லி முடித்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்பா அந்நேரம் கடையில் வியாபாரத்தில் இருந்திருப்பார். ஆனாலும் பார்த்தாள்.

சிந்து படிக்க ஆசைப்படுவது உலோகங்களைப் பற்றி. பாத்திரங்களுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. "ஒரே எவர்சில்வர்தான் மிஸ். ஒரு டப்பால காந்தம் ஒட்டுது, இன்னொண்ணுல ஒட்ட மாட்டேங்குது. ஒரு அடுக்கு கீழ விழுந்தா நெளியுது, இன்னொண்ணு எகிறி ஓடுது." இப்படி அவளிடம் ஆயிரம் கேள்வி உண்டு. வகுப்பில் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டாள். நேராக என்னிடம் வந்து புத்தகம் எடுத்துப் போவாள். ஒரு பதில் கிடைத்து இரண்டு கேள்வி புதிதாக முளைக்கும். அடுத்த வாரம் வேறு புத்தகம். ஏன் வகுப்பிலேயே கேட்கக் கூடாது என்றதற்கு, "திட்டுவாங்கன்னு இல்ல மிஸ். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கல்ல" என்றாள்.

விண்ணப்பத்தோடு ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் போகவேண்டும். கல்லூரி அனுப்பும் லிங்க்கில் ஆசிரியரே அதை ஏற்ற வேண்டும். ஐரின் மிஸ்ஸிடம் அதைக் கேட்க அவளுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்தும் ஐரின் மிஸ் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். நானும் அவரிடம் படித்தவள்தான். இப்போது வயது நாற்பதை எட்டப்போகிறது, அவர் நூலகத்துக்குள் வந்தால் இன்றும் என்னை அறியாமல் எழுந்துவிடுகிறேன். ஆனால் நல்ல மனசு. காய்ச்சலில் படுத்த மாணவிக்கு வீட்டுக்கே கஞ்சி கொண்டுபோனவர். "உன்னப் பத்தி ஓகோன்னு எழுதறேன்டி" என்று உடனே சம்மதித்தார். கூடவே, "இந்த லிங்க்கு கிங்க்கெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எழுதித் தரேன், நீயே அடிச்சு அனுப்பிடு" என்றும் சொல்லிவிட்டார்.

சிந்து அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள். அந்தக் கடிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று விண்ணப்பத்தில் ஏற்கெனவே டிக் செய்திருந்தாளாம்.

"பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்க மிஸ்."

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"தெரியல மிஸ். ஆனா கண்டுபிடிச்சிடுவாங்க."

அழுகிற பெண்ணிடம் என்ன வாதம் செய்வது? நானே அடித்து அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கடிதம் வந்தது அரையாண்டுத் தேர்வின் கடைசி நாளில். மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை. ஐரின் மிஸ் மாலை ரயிலில் மகள் வீட்டுக்கு பெங்களூர் கிளம்புகிறார். தேர்வு முடிந்ததும் முழுநீளத் தாளின் இரண்டு பக்கமும் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் நிரப்பிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். நான் கீபோர்டின் முன்னால். மிஸ் வகுப்பில் நிற்பது போல் நின்றுகொண்டு வாசித்தார். சிந்து வெளியே வராந்தாவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

நேரம் தவறாதவள், சீருடை கசங்காதவள், மதிப்பெண்ணில் முதல் மூன்று பேரில் ஒருத்தி என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரிக்கு வந்ததும் மிஸ்ஸின் குரல் தழுதழுத்தது.

"இந்த மாணவியை இரண்டு ஆண்டுகளாக அறிவேன். ஒரு நாளும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வாள்."

தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "இந்த வரிய இதுவரைக்கும் யாருக்கும் எழுதினதில்லடி. இவளுக்குத்தான் மனசார எழுதறேன்."

என் கை நின்றுவிட்டது. அந்தக் கல்லூரியின் பக்கத்தை சிந்து எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறாள். கேள்வி கேட்கிற மாணவர்களைத்தான் தேடுகிறோம் என்று அதன் முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள். இங்கே தலையில் வைக்கிற கிரீடம் அங்கே கழுத்துக்குக் கல். இந்தக் கடிதம் போனால் அந்த ஒரே விண்ணப்பம் முடிந்தது, பி.காம்.தான், கடைதான். நான் சொல்லியிருக்க வேண்டும். "மிஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னடி, வேகமா சொல்லிட்டேனா?"

"இல்ல மிஸ்."

அவ்வளவுதான் வந்தது. நாற்பதை நெருங்கும் என் லட்சணம் இது. அதன்பிறகு நான் செய்தது வீரம் ஒன்றும் இல்லை. சரிபார்க்கிற பாவனையில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, காதில் விரல் விட்டிருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன். "ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்படியே போயிடட்டுமா மிஸ்?" மிஸ் தலையை ஆட்டினார். நான் இன்னொரு முறையும் படித்தேன்.

வராந்தாவில் சிந்துவின் முதுகு விறைத்தது. மெல்லத் திரும்பி, வாசல் வரைக்கும் வந்தாள்.

"என்ன சிந்து? இன்னும் முடியல, போ" என்றார் ஐரின் மிஸ்.

சிந்து போகவில்லை. இடது காதில் விரல் இன்னும் அப்படியே இருந்தது. வலது கையை மட்டும் காதிலிருந்து எடுத்தாள். அது கீழே இறங்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளைகள் தூக்குவது போல, தலைக்கு மேலே போனது.