பூமாதுளைக்குத் தொட்டி மாற்றியவள்

பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆறு வீடுகள் ஒட்டி நின்ற வரிசையில், ஹஃபீசாவுக்கு ஒரு சக்களத்தி இருப்பதாக எல்லாரும் கேலி செய்வார்கள். சக்களத்தி வேறு யாருமில்லை, முற்றத்துக் குழாயருகே மண் தொட்டியில் நின்ற பூமாதுளை மரம். பூக்குமே தவிரக் காய்க்காது. வீட்டுச் சொந்தக்காரர் சிமென்ட் தளத்தைப் பெயர்க்க விடாததால், ஆளுயரம் வளர்ந்த பிறகும் அதற்குத் தொட்டிதான் கதி. ஹஃபீசாவின் புருஷன் ஹனீஃபா தையல்கடையிலிருந்து வந்தால் முகம் கழுவும் முன் அதைத்தான் போய்ப் பார்ப்பார். "என்னைப் பாக்க ஒரு நாளாவது இப்படி ஓடியாந்தீங்களா?" என்று இவள் முறைப்பாள். அந்த வீம்பிலேயே மரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். உதிர்ந்த பூவைத் துடைப்பத்தால் தள்ளுவதோடு அவளுக்கும் அதற்கும் இருந்த உறவு சரி.

ஹனீஃபாவின் இரண்டு பொருள்களில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒன்று இந்த மரம், மற்றது அவருடைய தையல் கத்தரி. அந்தக் கத்தரி துணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒரு தரம் ஹஃபீசா அதை எடுத்துக் காகிதப் பொட்டலம் ஒன்றை வெட்டிவிட்டாள். மனுஷன் அன்று சாப்பிடவே இல்லை. "கூர் மழுங்கிப் போச்சுன்னா அப்புறம் நான் இன்னாத்த தைக்கறது?" என்று கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசட்டுப் பிடிவாதம்தான். ஆனால் தொழில்காரனுக்கு அது இருக்கத்தான் செய்யும்.

அறுபத்தாறாம் வருஷத்து அடைமழையில் அவருக்கு இருமல் பிடித்தது. மழை விட்டது, இருமல் விடவில்லை. கைக்குட்டையில் ரத்தம் கண்ட பிறகு தாம்பரத்துக் காச நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளம்பும்போது அவர் குனிந்து தொட்டியின் அடி ஓட்டையைப் பார்த்தார். வேர் வெளியே தலை நீட்டியிருந்தது.

"தையில தொட்டி மாத்தணும். ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா மாத்தியே ஆவணும், இல்லாட்டி வேரு வேரையே சுத்திக்கும். அதுக்குள்ள நான் வந்துடுவேன். நீ தொடாத."

அந்த 'நீ தொடாத'வை ஹஃபீசா மடியில் முடிந்துகொண்டாள். அவர் திரும்பி வருவார் என்பதற்கு அதைவிட நல்ல வாக்கை எந்த டாக்டரும் அவளுக்குத் தரவில்லை.

தை வந்தது, போனது. அவர் வரவில்லை. ஞாயிறுதோறும் டிபன் கேரியரோடு ரயிலேறி சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குவாள். வார்டு வராந்தாவில் எட்ட உட்கார்ந்துதான் பேச வேண்டும். அவர் தன் உடம்பைப் பற்றிப் பேசவே மாட்டார்.

"தண்ணி ஊத்தினா நிக்குதா?"

"எங்க நிக்குது? ஊத்தின கையோட அடியால ஓடிடுது."

"எல?"

"சின்னதா போச்சுன்னு பக்கத்து வூட்டு ஜீவரத்தினம் அக்கா சொல்லுது."

"எடம் பத்தல அதுக்கு. ஹஃபீசா, நான் சொல்றத கேட்டுக்க. முதல்ல..."

"நீங்க வந்து மாத்துங்க. எனக்கு எதுக்கு அந்த வேலை?" என்று சட்டென்று கேரியரைத் திறப்பாள்.

அவளுக்கு மரம் முக்கியமில்லை. எப்படி மாற்றுவது என்று அவர் சொல்லிக்கொடுத்துவிட்டால், வீடு திரும்பும் நினைப்பை அவர் விட்டுவிட்டார் என்று ஆகிவிடும். கற்றுக்கொள்ளாமல் இருக்கும்வரை அவர் வந்துதானே தீர வேண்டும்? இந்தக் கணக்கை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் மரம் பைத்தியம் பிடித்ததுபோல் பூத்தது. இலை தெரியாமல் பூ. காலையில் கதவைத் திறந்தால் தளமெல்லாம் சிவப்பு. "கண்ணு படப் போவுது ஹஃபீசா!" என்று ஜீவரத்தினம் கன்னத்தில் கை வைத்தாள். ஹஃபீசாவுக்கே முதல் தடவையாக அதன்மேல் ஒரு பிரியம் வந்தது. பூக்களைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனாள். அன்று அவரும் தெளிவாக இருந்தார். கன்னம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. எல்லாமே நல்லபடியாகத் திரும்புகிறது என்று அவள் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இந்த வருசம் மாதிரி எந்த வருசமும் பூக்கலீங்க!"

அவர் பூவை விரலில் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "இது நல்லதுக்கு இல்ல. வேருக்கு எடமில்லாத மரம், போறதுக்கு முன்ன இப்படித்தான் பூத்துக் கொட்டும்."

ஹஃபீசா அவர் கன்னத்துச் சிவப்பைப் பார்த்தாள். அவர் மேலே பேச வாயெடுத்தபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

ஆடியில் முதல் மழை விழுந்தபோது மரம் பாதி மஞ்சளாகியிருந்தது, அவர் பாதியாகியிருந்தார். குரல் காற்றாக வந்தது. அந்தக் குரலை வெட்டிப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

"பூ, மொட்டு எல்லாத்தையும் கிள்ளிடு. பாவம் பாக்காத. தொட்டிய ஒடச்சி எடு. சுத்தியிருக்கிற வேர வெட்டு, நடு மண்ண மட்டும் ஒதறாத, அது தாய் மண்ணு. புதுத் தொட்டி ஒரு சாண் பெருசா இருந்தா போதும். ஓட்டைமேல ஓட்டுச்சில்லு வையி. செம்மண்ணு, மணலு, மக்கின எரு. ஒரு தபா நல்லா தண்ணி ஊத்தி நெழல்ல வுடு. எல கொட்டும். கொட்டட்டும்."

"வேர எதால வெட்டறது? எங்கிட்ட அருவாமனைதான் கீது," என்றாள், எப்படியாவது பேச்சை முறிக்க.

"என் கத்தரிய எடுத்துக்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வேரையும் மண்ணையும் வெட்டிய கத்தரி இனித் துணிக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ரயிலில் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சொன்னபடியே எல்லாம் செய்தாள். கத்தரி ஒவ்வொரு வேரையும் நறுக்கென்று வெட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். இலை கொட்டியது. வாரங்கள் போயும் தொட்டியில் நின்றது வெறும் குச்சிதான். "வுட்டுடு ஹஃபீசா, அடுப்புக்குத்தான் ஆவும்," என்றாள் ஜீவரத்தினம்.

அந்த ஞாயிறு அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "தளிர் வுட்டுச்சா?"

"வுட்டுச்சு. எல்லாக் கெளையிலயும்."

"இன்னா கலரு?"

"இன்னா கேள்வி இது? தளிர் பச்சையாத்தானே கீது!"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. "சரி. அப்போ பொழச்சிக்கிச்சு," என்று கையை நீட்டி, எட்ட உட்கார்ந்திருந்தவளின் விரலைத் தொட்டார். அடுத்த ஞாயிற்றுக்கு முன் அவர் மவுத்தானார்.

புருஷனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்க வேண்டிய இத்தாக் காலம். ஒரு காலை குழாயடிக்குப் போனவள் குச்சியில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக எதையோ கண்டாள். ரத்தம் தெறித்தாற்போல் இருந்தது. பயந்துபோய்ச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"ஜீவரத்தினம் அக்கா, மரத்துக்கு இன்னாவோ சீக்கு வந்துடுச்சு. செவப்பு செவப்பா கீது!"

ஜீவரத்தினம் வந்து குனிந்து பார்த்தாள். "சீக்கு இல்லடி, தளிர்! மாதுளைத் தளிர் செவப்பாத்தான் வரும், அப்புறந்தான் பச்சையாவும். இத்தினி வருசம் வூட்ல வச்சிக்கினு இதுகூடத் தெரியாதா உனக்கு?"

ஹஃபீசா குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்குத் தெரியும். அந்த மரத்தின் ஒவ்வொரு தளிரும் என்ன நிறத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும்.