ஃபுல் சிக்னல் மாடி

ஆம்பூரில் செல்போன் சிக்னலை அளக்கும் பெட்டிகளை மொட்டைமாடிகளில் பொருத்துவது என் வேலை. எந்த மாடி என்று முடிவு செய்வது நான் இல்லை. வந்த அளவுகளைப் படித்துப் படித்து, தனக்கு எந்தத் தெரு இன்னும் பிடிபடவில்லை என்பதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும். பெட்டியை அங்கே கொண்டுபோகச் சொல்லும். மூளை அதற்கு, ஏணி எனக்கு.

ஒருமுறை, ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் மாடியைக் கேட்டது. ஐம்பதை நெருங்கும் என் வழுக்கையைப் பார்த்த பிறகும் தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

"தாராளமா வை தம்பி. இங்க சிக்னலே கெடையாது. பெங்களூர்ல இருக்கற என் பொண்ணு போன் போட்டா கெடைக்கவே மாட்டேங்குதாம். ரம்ஜானுக்குக்கூட பேச முடியல."

"இது சிக்னல் குடுக்காதுக்கா. சும்மா ஒட்டுக்கேக்கும், என்னை மாதிரி."

சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, அந்த மாடி பிடிபட்டுவிட்டது, பெட்டியைக் கழற்று என்று உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு போனேன். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உங்க மாடி பாஸாயிடுச்சுக்கா! ராத்திரி பகலு ஃபுல் சிக்னல். ஒரு நிமிஷம்கூட கட்டாவல. அதான் வேற ஊட்டுக்கு மாத்தச் சொல்லுது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அந்த மகள் நினைவு வந்தது. அக்கா கையிலிருந்த துப்பட்டாவை உதறினார். கொடியில் போடாமல் மறுபடியும் உதறினார்.

"ஒரு நிமிஷம்கூடவா?"

"மெஷின் சொல்றது தப்பாக்கூட இருக்கும்க்கா."

"தப்பில்ல தம்பி. எனக்குத் தெரியும்."

பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண் அக்காவை எட்டிப் பார்த்தாள். "இன்னா ஆப்பா, டவர் சரியாயிடுச்சா? பொண்ணு பேசுச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"எங்க சரியாவுதும்மா," என்றேன். "ஒரே பேஜாரு. இந்த மாடிக்கு மட்டும் டைம் ஜாஸ்தி ஆவும்."

அவள் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

"பெட்டிய எடுக்காம உட முடியுமா தம்பி?" அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முடியாது. மறுநாள் காலையில் அது வேறு தெருவில் அளந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே இருந்த கருவியை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, காலிப் பெட்டியைத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி திருப்பி வைத்து, திருகி முடுக்கினேன்.

பெட்டி உடைந்துவிட்டது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன்.