ஹவில்தாருக்குக் காட்டிய பதினோரு வீடுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் இப்போதெல்லாம் குழம்பிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருவொற்றியூர் மகளிர் குழுவில் மூன்று பெண்கள் புதிதாக வீட்டு புரோக்கர் வேலைக்கு இறங்கியிருக்கிறார்கள். "வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன்ற, எழுதியாவது குடுக்கா, அச்சடிச்சி வெச்சிக்கிறோம்" என்றார்கள். பேசுவதைவிட எனக்கு இது பரவாயில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

நான் இந்த வேலைக்கு வந்தது மீன் கூடையால்தான். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டால் மீனைப் பார்த்தபடியே பேசிவிடலாம், கூச்சம் தெரியாது. எந்த வாசலில் திடீரென்று மீன் வாங்க ஆள் வரவில்லையோ, அந்த வீடு காலி என்று எனக்குத்தான் முதலில் தெரியும். முட்டி தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போனபோது, "உன் பக்கம் போர்ஷன் எதுனா காலியா இருக்குதா?" என்று கேட்டவர்கள்தான் என்னை புரோக்கர் ஆக்கினார்கள்.

இருபது வருஷத்தில் எத்தனையோ பார்ட்டி பார்த்துவிட்டேன். ஆனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிற நாள் காலையில், பார்ட்டியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இந்த வூட்டுக்கு வரமாட்டேங்கா" என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதை எழுதுகிறேன்.

1. பார்ட்டி வந்தது

அவர் பெயர் தேவராஜ். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். மனைவி அமுதா கொருக்குப்பேட்டையில் ஒரு வாடகை போர்ஷனில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ரிட்டயர்மென்ட்டில் வந்ததை எல்லாம் போட்டு சொந்த வீடு ஒன்று வாங்க வேண்டும், இனி சாகும்வரை அதுதான் என்றார்.

"அம்மா, சர்வீஸ்ல ஒன்பது ஊர்ல இருந்துட்டேன். எங்க போன்னு சொன்னாங்களோ அங்க போனேன், எந்த பாரக்ல கட்டில் குடுத்தாங்களோ அதுல படுத்தேன். நானா ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. இந்த ஒண்ணாவது என் இஷ்டப்படி வேணும்."

கேட்கவே எனக்கு நன்றாக இருந்தது. "இன்னா மாதிரி வேணும் சார்?" என்றேன்.

"சத்தம் இருக்கக் கூடாது. ஒரு ரூம்ல நாப்பது பேரோட தூங்கியிருக்கேன்மா. ஒருத்தன் இருமினா நாப்பது பேரும் முழிச்சுக்குவோம். அது போதும்."

அமுதா அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. டீ போடாமல் விட்டது

என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பையில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் பால் பாக்கெட்டும் இருக்கும். வீடு பிடித்துப்போனால், அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரில், அந்தச் சமையல்கட்டிலேயே டீ போட்டுக் குடிக்காமல் நான் யாரையும் பேச்சை முடிக்க விடமாட்டேன். நம் கடலோரத்தில் தண்ணீர் உப்பா என்பதை ஒரு வாய் டீ சொல்லிவிடும். ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறதா, பக்கத்து வீட்டுப் புகை உள்ளே வருகிறதா, எல்லாம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், டீ போடுகிற நேரத்தில் பெண்கள் பேசுவார்கள்.

இவரிடம் முதல் வீட்டிலேயே அடுப்பை எடுத்தேன். கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். "டீ எல்லாம் வேணாம்மா. டைம் வேஸ்ட். நெக்ஸ்ட்."

அந்தக் குரலுக்கு நான் பயந்துவிட்டேன். அடுப்பை உள்ளே வைத்தேன். வீடு காட்டி முடிக்கிறவரைக்கும் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பதினோரு வீடு காட்டினேன். ராயபுரத்தில் பார்த்ததில் லாரி சத்தம் என்றார். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் சத்தம். திருவொற்றியூரில் மூன்று பார்த்தோம். ஒன்றில் கோயில் ஸ்பீக்கர், ஒன்றில் எதிரே ஸ்கூல், ஒன்றில் மாடி வீட்டு நாய். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் மொட்டை மாடிக்குப் போவார், நாலு பக்கமும் பார்ப்பார், இறங்கி வந்து ஒரு வார்த்தையில் முடிப்பார். அமுதா ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பதினோராவது வீடு எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி போகிற வழியில். சுற்றிலும் காம்பவுண்டு, ஒரே கேட், பக்கத்தில் வீடு என்று ஒன்றும் இல்லை. ஹவில்தார் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "பஸ்" என்றார் இந்தியில். "போதும். இதான்."

வீட்டுச் சொந்தக்காரர் அரிசி மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி. போனில், "வெள்ளிக்கிழமை காலைல டோக்கன் போட்டுருவாவளாம்மா? இன்னொரு பார்ட்டி நிக்குல்லா" என்றார். போட்டுவிடுவார்கள் என்று நானே வாக்குக் கொடுத்தேன்.

3. வெள்ளிக்கிழமை

நாங்கள் மூன்று பேரும் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டோம். அண்ணாச்சி போனில், மண்டியில் லோடு இறங்குகிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். ஹவில்தார் மாடிக்குப் போய்விட்டார். சும்மா நிற்க முடியாமல் நான் அடுப்பை எடுத்தேன்.

"குடுக்கா, நான் போடுறேன்" என்று அமுதா வாங்கிக்கொண்டாள். பால் பொங்குவதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னாள்.

"கல்யாணம் ஆன நாளா வருசத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வருவாருக்கா. அந்த ரெண்டு மாசமும் சாமான் எல்லாம் வரிசையா வெச்சி, டயத்துக்கு சோறு போட்டு, நல்லா பாத்துக்குவேன். மிச்ச பத்து மாசம் எனக்கு யாரு? பக்கத்து வூட்டு ஜனம்தான். கொழந்தைக்கு ஜொரம்னா கதவத் தட்டுனது அவங்க வூட்லதான். பிளவுஸ் குடுக்க வர்றவங்க ஒக்காந்து பேசிகினு இருப்பாங்க. கூட்ஸ் வண்டி போற சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வரும். இங்க கத்துனாக்கூட ஆரு காதுல உயும்?"

"அவரு நல்லவராதான் தெரியறாரு?"

"நல்லவருதாங்கா. ஆனா எனக்கு அவரைத் தெரியாதே."

கமிஷன் போகட்டும், அண்ணாச்சியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் இங்கே வந்து அடைந்துவிட்டால், அப்புறம் நான் எந்த வீட்டைக் காட்டி என்ன? மூன்று கிளாஸில் டீயை ஊற்றி, தட்டில் வைத்து, நானே மாடிக்குத் தூக்கிப் போனேன். அமுதா பின்னால் வந்தாள்.

ஹவில்தார் கையை நீட்டிக் காட்டினார். "பாத்தீங்களாம்மா? நாலு பக்கமும் கிளியர். ஒரு ஆள் வந்தா அரை கிலோமீட்டர் தள்ளியே தெரிஞ்சிடும்."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "இங்க யாரு சார் வரப்போறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குப் பின்னால் இருந்து அமுதா பேசினாள்.

"நீ நாப்பது பேரோட தூங்குன. நான் யாரும் இல்லாம தூங்குனேன். உனக்கு சத்தம் வேணாம், எனக்கு வேணும். உங்கூட இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா உன்னைப் பழகறதுக்குள்ள, இந்தப் பொட்டல்ல வந்து தனியா இருன்னா, பயமா கீதுய்யா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?"

அவர் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து அமுதாவிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது கேட்டிருக்கலாமேம்மா."

திட்டினால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. பேசாமல் நிற்கிறவர்களை எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். நானே அந்த ஜாதிதானே.

அண்ணாச்சி வந்ததும் ஹவில்தாரே நேரில் போய் வேண்டாம் என்று சொன்னார். அண்ணாச்சிக்குக் கோபம். "என்ன சார், பட்டாளத்துல இருந்துட்டு வந்து பொஞ்சாதி பேச்சையா கேக்கிய?"

"பட்டாளத்துலயும் ஆர்டர் கேட்டுத்தான் அண்ணாச்சி பொழச்சேன்."

அமுதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

4. பிறகு

வாங்குகிற பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். "முதல்ல ஒண்ணா இருந்து பாக்குறோம்மா. அப்புறம் எங்கன்னு சொல்றோம்" என்றார் அவர். கொருக்குப்பேட்டையில் அமுதா இருந்த தெருவுக்கு அடுத்த தெருவிலேயே, மொட்டை மாடியோடு ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தேன். தையல் மெஷின் கீழே, அவர் கட்டில் மாடி ரூமில், கூட்ஸ் வண்டி இரண்டு பேருக்கும் பொது.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் போன ஒரு அம்மா, "இன்னா மிலிட்டரி, என்னுது ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே போனது. அவருக்கு அந்த அம்மா பெயர் தெரிந்திருந்தது, பிளவுஸ் அளவும் தெரிந்திருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாக வந்து திருவொற்றியூர் பக்கம் வீடு பார்க்கிறார்கள். இன்னும் ஒன்றும் அமையவில்லை. மாடியில் அவர் நாலு பக்கமும் பார்ப்பதற்குள் அமுதா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்துவிட்டு வந்துவிடுகிறாள். எனக்கு அவசரம் இல்லை.

புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பார்ட்டியில் யார் பேசாமல் நிற்கிறாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். பேசுகிறவர் எப்படியும் சொல்லிவிடுவார்.

அவர் ஹவில்தாரா, அதற்கு மேலேயா என்பது எனக்கு நிச்சயமில்லை. வீடு பதினொன்றா, பத்தா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாராவது கொருக்குப்பேட்டைக்குப் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். அமுதாவிடமே கேளுங்கள். அவரிடம் கேட்டால், அவளைக் கேட்டுத்தான் சொல்வார்.