மூன்றாவது இழுப்பில் பிடிக்கும் எஞ்சின்

என் தங்கை கார்குழலிக்கு எஞ்சின் மேல் ஆசை வந்தது ஒரு வேன் சீட்டில்தான். இதை நான் உறுதியாகச் சொல்லலாம். அந்த வேனை ஓட்டியவன் நான்.

ஆம்னி வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும்போது என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அவ்வளவு சூடு. குழலி மட்டும் ஓடிவந்து அதில் ஏறிக்கொள்வாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. ஆற்றுப் பாலம் ஏறும்போது, "ண்ணா, மூச்சு வாங்குது பாரு, கியர மாத்து" என்பாள். நான் மாற்ற நினைப்பதற்கு ஒரு நொடி முன்பே சொல்லிவிடுவாள். கோபமாக வரும். ஆனால் சரியாகத்தான் சொல்வாள்.

அந்த எஞ்சினுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவியைத் திருப்பினால் இரண்டு இழுப்பு சும்மா இழுக்கும், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். சாவியைத் தொடும் முன்பு நான் பின்னால் திரும்பி, "கதவு சாத்தியாச்சா?" என்று கேட்பேன். "சாத்தியாச்சிண்ணா!" என்று பிள்ளைகள் எல்லாம் கத்துவார்கள். முன்சீட்டில் இருக்கும் குழலியின் குரல்தான் அதில் முதலாவதாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தாள். அம்மா தையல் பிரிவு என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பிறகு அரியாங்குப்பத்திலேயே பட்டறை போட்டாள். கார் எஞ்சினும் வரும், மீன்பிடிப் படகு எஞ்சினும் வரும். புதிதாக வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு. அதுவரைக்கும் நான் பாக்குறேன்" என்பாள். சாப்பிடப் போனவர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அந்தப் பட்டறைக்கு ஒருநாள் கலியமூர்த்தி ஐயா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் விமானப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு கோரிமேட்டில் குடியிருப்பவர். அங்கே சொந்த வீட்டுக் கொட்டகையில், மரச்சட்டமும் துணியுமாக ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை அவரே கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும் உரிமமும் அவரிடம் இருந்தது. எஞ்சின்தான் இல்லை. வெளிநாட்டு எஞ்சின் வரவழைத்தால் வீட்டை விற்க வேண்டும், வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அன்றைக்குப் பட்டறையில் நானும் இருந்தேன், முத்துவேலும் இருந்தான். மீன்பிடிக்கிறவன், குழலியின் பழைய வாடிக்கை.

"எங்க படகு எஞ்சின மாட்டுங்க ஐயா. எடையும் கம்மி, கரையிலேந்து கிளம்பினா முழு முறுக்குலயே மணிக்கணக்கா ஓடும்" என்றான்.

"அது கடல்தண்ணிய உறிஞ்சித்தான் சூடு ஆறுது. மேல தண்ணிக்கு எங்க போறது?" என்றாள் குழலி.

"மேகத்துல ஓஸ் பைப்ப விடு."

"நீயே கூடப் போயி ஓஸப் புடிச்சிக்க."

புல்லட் எஞ்சினைப் பற்றியும் பேசினார்கள். ஒரே சிலிண்டர், அது உதறுகிற உதறலில் மரச்சட்டம் ஆணி ஆணியாகக் கழன்றுவிடும் என்று ஐயாவே வேண்டாம் என்றார். கடைசியில் குழலி என்னைப் பார்த்தாள். என் வேன் எஞ்சினைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் வண்டி சாவதே வேறு மாதிரி. உப்புக்காற்றில் தகரம்தான் முதலில் போகும். என் வேனும் அப்படித்தான். அடித்தட்டு ஓட்டை விழுந்து, இனிமேல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று எஃப்.சி. தகுதிச் சோதனையில் சொல்லிவிட்டார்கள். சொன்னது நியாயம்தான். ஆனால் எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. ஆயில் மாற்றுவதை ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை. ரேடியேட்டருக்கு எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் ஊற்றியதே இல்லை. மழைத்தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவேன். வேன் ஸ்டாண்டில் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. வேன் வீட்டுக்குப் பின்னால் நின்றது. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கலியமூர்த்தி ஐயா ஒரு நிபந்தனை வைத்தார். "காரை யாரும் ஒரு மணி நேரம் முழு முறுக்குல ஓட்ட மாட்டாங்க. விமானம் ஏறும்போது அப்படித்தான் ஓடணும். இரும்பு ஸ்டாண்டுல கட்டி ஒரு மணி நேரம் நிக்காம ஓடட்டும். ஓடினா அதுதான் என் எஞ்சின். நின்னுட்டா, வீட்டம்மாவ எப்படியாவது சம்மதிக்க வெச்சி வெளிநாட்டு எஞ்சினுக்கு எழுதிடுவேன்." நின்றுவிட்டால் எஞ்சின் காயலான் கடைக்கு, வேனோடு சேர்ந்து போகும். குழலி சரியென்றாள்.

பட்டறை மூடிய பிறகு தினமும் அதே வேலை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்; விமானத்தின் காற்றாடி அந்த வேகத்தில் சுற்றக்கூடாது. நடுவே பல் வைத்த பெல்ட் போட்டு வேகத்தைப் பாதியாக்கினாள். கியர்பாக்ஸைக் கழற்றி எறிந்தாள். எடை குறைய வேண்டும் என்று இரும்புப் பட்டைகளில்கூட ஓட்டை ஓட்டையாகத் துளைத்தாள். என் வேனின் ரேடியேட்டர் கனம் என்று ஒதுக்கிவிட்டு, பழைய கார் ஒன்றிலிருந்து அலுமினிய ரேடியேட்டர் வாங்கி மாட்டினாள்.

சோதனை நாளில் எஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. காற்றாடி அடித்த காற்றில் ஐயாவின் கொட்டகைக்கு வெளியே இருந்த வாழை இலை எல்லாம் கிழிந்து தொங்கியது. அரை மணி ஆகவில்லை. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. குழலி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பைத் தொட்டதும் அவளே கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

"ரோட்டுல நின்னா எறங்கித் தள்ளலாம். மேல நின்னா யாரு தள்றது?" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

ஐயா நல்ல மனிதர். "எழுதிடட்டுமா மதாம்?" என்று மெதுவாகக் கேட்டார். பட்டறையிலும் அவர் அவளை அப்படித்தான், பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையாக 'அம்மா' என்பதுபோலக் கூப்பிடுவார்.

"இன்னும் ஒரு வாட்டி ஐயா. ஒரே ஒரு வாட்டி."

வீட்டுக்கு வந்ததும் அந்த அலுமினிய ரேடியேட்டரை இரண்டாக அறுத்தாள். உள்ளே குழாய்கள் வெந்நீர் வைக்கும் குண்டான் மாதிரி வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தன. யாரோ வருடக்கணக்காக உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

"ண்ணா, நம்ம ரேடியேட்டர் எங்க?"

"வேன்லதான் இருக்கு. கனம்னு நீதானே வேணாம்னே?"

"கனமா இருந்தா இருக்கட்டும். உள்ள வழி இருக்குமில்ல."

கழற்றித் தராசில் வைத்தாள். மூன்று கிலோ கூடுதல். அதை ஐயாவிடம் தலைகுனிந்து சொன்னாள். அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"மூணு கிலோதானே? காலைல திங்கிற பிரியோஷ் ரொட்டிய நிறுத்திடுறேன். வுவாலா, கணக்கு சரியாப் போச்சு!"

"இத உங்க வீட்டம்மா முன்னாடி சொல்லுங்க ஐயா, நம்புறேன்" என்றாள் குழலி.

இரண்டாம் முறை ஒரு மணி நேரம் ஓடியது. ஐயா நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார். முள் நடுவிலேயே நின்றது. குழலி கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. ஒரு ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அனுமதி வாங்கும் எழுத்து வேலைகளை ஐயா பார்த்தார். அதற்கே நெடுநாள் ஆனது. போன தை மாதம், அனுமதி பெற்ற ஒரு தனியார் ஓடுதளத்துக்கு விமானத்தை லாரியில் கொண்டுபோனோம். முத்துவேலும் வந்தான். ஐயா நிஜமாகவே மெலிந்திருந்தார். பெல்ட், பெட்ரோல் குழாய், ஒவ்வொரு நட்டு என்று குழலி எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகி வந்ததும் ஐயா ஏறி உட்கார்ந்தார்.

சாவி திரும்பியது. ஒரு இழுப்பு. இரண்டாவது. மூன்றாவதில் பிடித்தது. சைலன்சர் வேறு என்பதால் ஓடும் சத்தம் என் வேனின் சத்தமாக இல்லை. ஆனால் அந்த மூன்று இழுப்பும் அதே இழுப்பு. என்னையறியாமல், "கதவு சாத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுல ஏதுண்ணா கதவு?" என்றாள் குழலி, கண்ணை எடுக்காமல்.

விமானம் ஓடியது. சக்கரம் தரையை விட்டது. முத்துவேல் கத்திய கத்தலில் பக்கத்து வயலில் இருந்த கொக்குகள் கிளம்பிவிட்டன. குழலி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து பாலம் ஏறும்போது சாய்ப்பாளே, அதே சாய்ப்பு.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

ஐயா ஒரு சுற்று சுற்றிவந்து இறங்கி, ஓடி நின்று, எஞ்சினை அணைக்கும்வரை அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"வாங்கலண்ணா. ஒரு எடத்துலகூட வாங்கல. நீ தண்ணியப் பாரு."

நான் மழைத்தண்ணீர் கேனோடுதான் போயிருந்தேன். சூடு ஆறும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்பில் நின்றது. ஊற்ற வேண்டியிருக்கவில்லை.