எந்தப் பக்கம்?

ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து, வெக்ஸ்போர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அப்பார்ட்மென்டின் சமையலறைச் சுவரில் ஒரு தொலைபேசி மாட்டியிருந்தது. அதன் சுருள் வயரை இழுத்தால் கதிரையில் இருப்பவரின் கை வரைக்கும் வரும். அண்ணை பேசும்போது அந்த வயரைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். தொண்ணூறுகளில் ஊரையும் எங்களையும் சேர்த்துக் கட்டியிருந்தது அந்த வயர்தான். அண்ணையின் மனைவி, என் மச்சாள், தன் தகப்பனோடு ஊரில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் இராணுவ முகாம். அவரை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயக்கம் அந்த முகாமைத் திடீரென்று அடித்துப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. கட்டடத்தில் பாதிப்பேர் எங்கள் ஹோலுக்கு வந்துவிட்டார்கள். யாரோ ரோல்ஸ் வாங்கி வந்தார். சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும் தளபதிகளாகிவிட்டார்கள். "உதோட சரி, இனி அவங்கள் எழும்பமாட்டாங்கள்" என்றார் ஒருவர், வாய் நிறைய ரோல்ஸோடு. அண்ணை பல்கனிக்குப் போவார், வருவார், ரிசீவரைத் தூக்கி லைன் இருக்கிறதா என்று பார்ப்பார். இராணுவம் திருப்பி அடித்தால் அது வயலுக்கு இந்தப்புறம், மச்சாள் இருக்கும் வீட்டுப்புறம்தான் விழும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படித்தான் விழுந்தது. கப்பலில் வந்திறங்கிய படை முகாமைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஊருக்குள் ஷெல்லாகக் கொட்டியது. மறுபடியும் எங்கள் ஹோல் நிறைந்திருந்தபோது, கொழும்பிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் கோல் எடுத்தார். அவர் சொன்னதை அண்ணை எங்களுக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்: "எங்கட பக்கம் சேதம் குறைவாம்." ஹோலில் கைதட்டினார்கள். அண்ணை ரிசீவருக்குள் கத்தினார். "எந்தப் பக்கம்? எங்கட பக்கமெண்டா எந்தப் பக்கம்?" லைன் அறுந்துவிட்டது.

எங்கள் ஊரில் எங்கட பக்கம் என்றால் எங்கள் ஒழுங்கை, எங்கள் அயல். சண்டை தொடங்கிய பிறகு அந்தச் சொல்லில் இயக்கத்தின் பக்கம் என்ற இன்னொரு பொருளும் ஏறிக் குந்திக்கொண்டது. சொன்னவர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. கைதட்டியவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்றும் ஆறவில்லை. அதன்பின் அண்ணை வேலைக்குப் போகவில்லை. மணி கேட்கவேண்டும் என்று குளிக்கும்போதும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்.

வாரக்கணக்காகிய பிறகு மச்சாளே எடுத்தார், கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து. நானும் ரிசீவரில் காதை வைத்தேன். சுகம் விசாரிக்கவேண்டும் என்றுகூட அண்ணைக்குத் தோன்றவில்லை. "எங்கட பக்கம் என்ன மாதிரி?" என்றார்.

"எங்கட பக்கம் ஒண்டும் மிஞ்சேல்லை. என்ர ஐயாவும் போயிட்டார்." பிறகு சொன்னார், "நான் உங்கட பக்கம் வரத்தான் நிக்கிறன்."

அண்ணையின் விரலில் வயர் இறுகி, நுனி நீலம் பாரித்திருந்தது. நான்தான் பிரித்துவிட்டேன்.

இப்போது அண்ணையும் மச்சாளும் விட்பியில் இருக்கிறார்கள். ஸ்னோ கொட்டும் நாட்களில் அவர்களின் மகன் தான் இருக்கும் மோர்னிங்சைடிலிருந்து கோல் எடுத்து, "எங்கட பக்கம் ஓகே அப்பா" என்பான். வயரில்லாத போனைப் பிடித்தபடி அண்ணை கேட்பார், "எந்தப் பக்கம்?" மகன் சிரிப்பான். மச்சாள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, பதில் வரும்வரை அவருக்குப் பக்கத்தில் நிற்பார்.